விளையும் பயிர் முளையிலே தெரியுமா? பிள்ளைக்குச் சேமிக்கும் முன் இதைப் படிங்க!



"பொண்ணு உண்டியலைத் தொடவே மாட்டா. பையன் கையில பத்து ரூபாய் நிக்காது. இவன் எப்படிப் பிழைக்கப் போறானோ?" சின்னப் பிள்ளைங்க இருக்கிற பல வீட்டில் இந்தப் புலம்பல் உண்டு. சின்ன வயசு குணம் கடைசி வரை வருமா? வந்தா, நம்ம சேமிப்பை எப்படி அமைக்கணும்?

திருச்சுழிப் பையனின் 5 ரூபாய்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துல இருக்கிற திருச்சுழியில் 1879ல் பிறந்தவர் வேங்கடராமன். நல்ல ஞாபகசக்தி, ஆனா பாடத்துல மனசு ஒட்டாது. 12 வயசுல அப்பா இறந்துட்டார். குடும்பம் பிரிஞ்சு, மதுரையில சித்தப்பா வீட்டில் வளர்ந்தார்.

1896ல் ஒருநாள், தன்னோட காலேஜ் ஃபீஸைக் கட்டிட்டு வரச் சொல்லி அண்ணன் 5 ரூபாய் எடுத்துக்கச் சொன்னார். தம்பி ரயில் செலவுக்கு 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கிட்டார். ஃபீஸ் கட்டலைனு சீட்டு எழுதி, மீதி 2 ரூபாயை அதோட வெச்சுட்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பிட்டார். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

அவரைத் திரும்பக் கூட்டிட்டு வர 1898ல் போன அம்மா அழகம்மாள், வெறுங்கையோட திரும்பினாங்க. 1916ல் அவங்களே மகனோட போய்த் தங்கிட்டாங்க. வீடு போட்ட திட்டம் ஒண்ணு, பிள்ளையோட குணம் போன வழி வேற.

சாதாரணப் பிள்ளைங்களுக்கு?

நியூசிலாந்தின் டுனிடின் நகரத்தில் 1972-73ல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனிச்சாங்க. 2011ல் வந்த முடிவு: சின்ன வயசுல சுயகட்டுப்பாடு கம்மியா இருந்தவங்களுக்கு, 32 வயசுல பணப்பிரச்சினை அதிகம். குடும்ப வசதியைக் கழிச்சுப் பார்த்தாலும் இது தெரிஞ்சது. ஆனா வளர வளரக் கட்டுப்பாட்டைக் கத்துக்கிட்டவங்களோட நிலைமை, எதிர்பார்த்ததைவிட நல்லாவே இருந்தது. குணம் கூடவே வரும். பழக்கினா கொஞ்சம் வளையும்.

நீங்க செய்ய வேண்டியது

1. "ஊதாரி"னு முத்திரை குத்தாதீங்க. வாரம் ஒரு சின்னத் தொகை கொடுங்க. புதன்கிழமையே தீர்ந்துட்டா, அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். 50 ரூபாயில் கத்துக்கிற பாடம், பின்னாடி கிரெடிட் கார்டில் கத்துக்கிறதைவிட மலிவு.

2. ஒரே கனவுல பணத்தைப் பூட்டாதீங்க. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல்ல மானாவாரியா விதைக்கிறவங்க பருத்தியோட பயறையும் கலந்து போடுவாங்க. மழை எதைக் காப்பாத்தும்னு தெரியாதே! செல்வமகள் திட்டம் நல்லதுதான். 18 வயசானதும் படிப்புக்கு 50% வரை எடுக்கலாம். ஆனா தொழில் தொடங்கணும்னு பொண்ணு கேட்டா, முதிர்வுக்கு முன்னாடி அதுல வழியில்லை. அதனால ஒரு பகுதியை உங்க பேரிலேயே இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபியில் போடுங்க. டாக்டரோ, கடைக்காரரோ, எதுவானாலும் அந்தப் பணம் உதவும்.

3. முதல்ல டேர்ம் இன்சூரன்ஸ். அப்பா போனதும் திருச்சுழி வீடு எப்படிப் பிரிஞ்சதுனு பார்த்தோம். பிள்ளை எந்தக் குணத்தோட வளர்ந்தாலும், வளர்ற வரைக்கும் உங்க வருமானம் வேணும். பிள்ளை பேரில் பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடி, சம்பாதிக்கிற உங்க பேரில் எடுங்க.

உங்க பிள்ளை யாரா வருவாங்கனு இன்னைக்கு யாராலும் சொல்ல முடியாது. யாரா வந்தாலும் கைகொடுக்கிற மாதிரி பணத்தைத் தயாரா வைக்கலாம். இந்த மாசச் சம்பளத்துலயே ஆரம்பிங்க.