போடிநாயக்கனூர் இருப்புப் பாதையும் கிராமவாசிகளும்

ஏலமலையின் கிழக்குச் சரிவில் விளையும் ஏலக்காய் உலர்த்தப்பட்டு, சாக்கில் கட்டப்பட்டு, ஏலம் கூறப்படுவதற்காகப் போடிநாயக்கனூருக்கு வந்து சேருகிறது. அவ்வூருக்கு மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதையை 1928-ஆம் வருஷத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் திறந்தனர். அதற்கு முன்னரே மூணாற்றுத் தேயிலை மலைமேல் ஒரு சிறிய ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்துகொண்டிருந்தது. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்துவிட்டது. மேலே ரயில் அழிந்த நான்காம் வருஷத்தில் கீழே ரயில் வந்தது ஒரு விசித்திரமே.

இப்பாதை இருமுறை மூடப்பட்டது. முதன்முறை, இரண்டாவது உலக யுத்தத்தின்போது 1942-இல். அப்பொழுது தண்டவாளங்களே பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. யுத்தம் முடிந்து சில வருஷங்கள் சென்றபின், 1950-களில்தான் மீண்டும் வண்டி ஓடிற்று. இரண்டாம் முறை, 2010-ஆம் வருஷக் கடைசியில், பாதையை அகலப்படுத்தும் பொருட்டு நிறுத்தப்பட்டது. அவ்வேலை பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் நீடித்தது. வண்டி நின்றபோது பள்ளியில் சேர்ந்த குழந்தை, அது திரும்பி வருமுன் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது.

பாதையை அகலப்படுத்துவதென்றால் ஒரு தண்டவாளத்தைச் சற்றே நகர்த்தி வைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். மீட்டர்கேஜில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 1,000 மில்லிமீட்டர். அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். அகலப்பாதை வண்டி அதிகக் கனமுள்ளதாகையால் மண்கரையை விரிக்கவேண்டும், பாலங்களைப் புதிதாகக் கட்டவேண்டும், வளைவுகளைத் திருத்தவேண்டும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவிலுள்ள கணவாயில் பாறையையே வெட்டி அகலமாக்க வேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாகத் தாமதத்தை உண்டாக்கியது பணமே. வருஷந்தோறும் ஒதுக்கப்பட்ட தொகை பல வருஷங்களில் மிகச் சொற்பமாயிருந்தது. வேலை முடிந்த ஒவ்வொரு பகுதியையும் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் நேரில் பரிசோதித்து அனுமதி தந்த பிறகே அதில் ஜனங்களை ஏற்றலாம். அவர் ரயில்வே நிர்வாகத்துக்கு உட்பட்டவரல்லர். விமானப் போக்குவரத்து மந்திரி இலாகாவைச் சேர்ந்தவர். பாதை போட்டவர்களே அதற்குச் சான்றிதழும் கொடுத்துக்கொள்ளலாகாது என்பதே இதன் நோக்கம். சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் முறையை அறிந்த அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு மதுரை முதல் தேனி வரையுள்ள சுமார் 75 கிலோமீட்டர் 2022-ஆம் வருஷம் மே மாதம் 26-ந் தேதியும், எஞ்சிய சுமார் 15 கிலோமீட்டர் 2023-ஆம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதியும் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டன. சென்னையிலிருந்து வாரம் மும்முறை மதுரைக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டியும் போடி வரை நீட்டப்பட்டது. முன்னர் மதுரையில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் அகலப்பாதை வண்டிக்கு மாறவேண்டியிருந்த கஷ்டம் இத்துடன் நீங்கிற்று.

எனினும் வண்டி வந்தது என்பதும், வண்டி உபயோகப்படுகிறது என்பதும் வேறு வேறு. 2023-இல் திறந்தபோது மதுரைக்கும் போடிக்கும் இடையே தினசரி ஓடிய வண்டி, காலையில் மதுரையில் புறப்பட்டு முற்பகலில் போடியை அடைந்து, மாலையில் போடியிலிருந்து திரும்பிற்று. மதுரையிலிருந்து போடிக்கு வேலையாக வருபவருக்கு இது சௌகரியமே. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ, கோர்ட்டுக்கோ, காலேஜுக்கோ காலையில் சென்று மாலையில் வீடு திரும்பவேண்டிய ஆண்டிபட்டி, தேனிவாசிகளுக்கு இதனால் என்ன பயன்? பஸ்ஸைவிடக் கட்டணம் குறைவாயிருந்தும் அவர்கள் பஸ்ஸிலேயே சென்றனர். விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்டப் பெண்களுக்கும் முற்பகலில் வரும் வண்டி உதவாது. ஏலக்காய் வியாபாரிக்கும் இந்நிலையே. ஏலக்காய் எடை குறைந்து விலை மிகுந்த சரக்காதலால், கடைவாசலிலேயே ஏற்றிக்கொள்ளும் லாரியை விட்டு அவர் ஸ்டேஷனுக்கு எளிதில் வரமாட்டார். இலவம்பஞ்சு, தேங்காய், மாங்காய் போன்ற இடமடைக்கும் பொருள்களுக்கே ரயில் தகுந்தது; அதற்குப் பார்சல் வசதியும் சரக்குக் கொட்டகையும் வேண்டும்.

வண்டியின் நேரத்தை மாற்றுவது எவ்வாறு? ஸ்காட்லாந்து தேசத்தில் 1969-இல் மூடப்பட்ட எடின்பரோவின் தென்பகுதிப் பாதையை 2015-இல் ஒரு பகுதியளவு திரும்பத் திறந்தார்கள். ஜனங்கள் பல வருஷங்கள் விடாது கேட்டு வந்ததே அதற்குக் காரணம். அங்கே பழைய பாதை நிலத்தின் சில பகுதிகளில் வீடுகள் எழும்பிவிட்டன. போடிப் பாதையின் நிலம் ரயில்வேயிடமே இருந்தது பாக்கியம்.

நம் ஊர்களிலிருந்து போகும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை, "பொதுமக்கள் மிகவும் அவதியுறுகின்றனர்" என்ற ஒரே வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. ரயில்வேக் கோட்ட அதிகாரிக்கு அது போதாது. எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு மதுரை செல்கின்றனர் என்று சங்கக் காரியதரிசி ஒரு மாதம் கணக்கெடுத்து, நிர்வாகக் கமிட்டியில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் கமிட்டியில் அதை எடுத்துப் பேச ஆதாரம் கிடைக்கும். சங்கத்தின் விளைபொருள் எவ்வளவு, எம்மாதத்தில் வெளியேறுகிறது என்பதையும் சேர்க்கலாம். அடங்கல் பார்த்தால் இது ஒரு பிற்பகல் வேலை.

இன்னொன்றும் உண்டு. சிறிய ஸ்டேஷன்களில் சிலர் டிக்கெட் வாங்காமலே ஏறிவிடுகின்றனர். அவ்வாறு இருபது பேர் ஏறினாலும், அன்றைய தினம் அந்த ஸ்டேஷனில் ஏறியவர் எவருமில்லை என்றே கோட்ட ஆபீஸின் புஸ்தகத்தில் பதிவாகிறது. அடுத்த வருஷம் வண்டி எங்கே நிற்கவேண்டும், எங்கே நிற்க வேண்டியதில்லை என்பதை நிர்ணயிக்க அந்தப் புஸ்தகத்தைத்தான் திறப்பார்கள்.