எந்தத் தூரம்? வீட்டுக் கடிகாரத்தைக் கேளுங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். காலணி மாட்டும் நேரம்கூடக் கணக்கில் சேரும்! ஆனால் டிரையத்லான் என்பது ஒரே போட்டி அன்று.

‘ஸ்பிரிண்ட்’ வகையில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான வகை இதைப்போல் இரு மடங்கு. போர்ட்டிக்சன் போட்டியால் நம் நாட்டில் பலருக்கும் பழக்கமான தூரம் அதுதான். ‘அயர்ன்மேன்’ வேறு உலகம்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் மாரத்தான். 1978இல் ஹவாயில் 15 பேர் தொடங்கிய முதல் போட்டியை 12 பேரே முடித்தார்கள். வென்ற கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் பிடித்தது. நம் லங்காவியிலும் 2000ஆம் ஆண்டு முதல் இந்தப் போட்டி நடந்திருக்கிறது. இதில் பாதித் தூரம் கொண்ட வகையும் உண்டு.

பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையான ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பது? ‘துணிச்சல் இருந்தால் பெரியது’ என்பார்கள். உடலியல் வேறு மாதிரிச் சொல்கிறது.

சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்தை நம் உடல் கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. மாரத்தானுக்கு? நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 2,500ஐத் தாண்டும். இது சைக்கிளில் 180 கிலோமீட்டர் மிதித்து முடித்த பிறகு!

எனவே நீண்ட போட்டிக்காரர் வழியில் சாப்பிட்டாக வேண்டும். கொழுப்பையும் நன்றாக எரிக்கப் பழக வேண்டும். தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருக வேண்டும், நுண்குழாய்கள் கூட வேண்டும். குறுகிய, வேகமான பயிற்சியும் இவற்றை ஓரளவு வளர்க்கும். ஸ்பிரிண்டுக்கு அது போதும். ஆனால் ஐந்து மணி நேரம் இருக்கையில் அமர்ந்திருப்பதற்கும், மிதித்துக்கொண்டே உண்டதைச் செரிப்பதற்கும் அவ்வளவு நேரம் மிதித்துத்தான் உடலைப் பழக்க முடியும். குறுக்கு வழி கிடையாது.

இங்குதான் வீடு குறுக்கே வருகிறது. வாரத்தில் 168 மணி. தூக்கம் 56, வேலை 45, நெரிசலில் போய்வர 10, சாப்பாடு, குளியல், வீட்டு வேலை என 21. மிச்சம் 36. ஸ்பிரிண்டுக்கு வாரம் ஐந்து மணி நேரப் பயிற்சி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி மக்களுக்கு 31 மணி இருக்கும். அயர்ன்மேனுக்கு 15 மணி என்றால் 21தான். கணக்கில் இது பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் நீண்ட பயிற்சிகள் விழுவது சனி, ஞாயிறுகளில். அதாவது மகளின் பள்ளி விளையாட்டுப் போட்டி, உறவினர் வீட்டுத் திருமணம், குடும்பத்தோடு கோயில் என எல்லாம் இருக்கும் நாள்களில். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். இது அயர்ன்மேன் சைக்கிள் தூரத்தில் பாதிதான். வீட்டுக்கு வந்தவர் மதியம் சோபாவில் சாய்ந்துவிடுவார். அந்த மணிகளை எந்தப் பயிற்சி அட்டவணையும் எழுதுவதில்லை.

சிலர் தூக்கத்தைக் குறைத்து நேரம் தேடுகிறார்கள். என் பார்வையில் இதுதான் மிக மோசமான பேரம். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. தேய்ந்த தசை சீராகிறது. தூங்காமல் பயிற்சி செய்பவர், பயிற்சியின் பலனையே வெட்டுகிறார்.

ஆகவே சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஸ்பிரிண்ட், மிஞ்சினால் ஒலிம்பிக் தூரம். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் லங்காவி அங்கேயேதான் இருக்கும். உங்களுக்கே ஆசை வந்துவிட்டதா? அயர்ன்மேனுக்கு 18 வயது நிறைய வேண்டும். அதுவரை, சில போட்டிகளில் இருக்கும் தொடர் குழுப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் நீந்த, ஒருவர் மிதிக்க, ஒருவர் ஓடலாம். வயது வரம்பு இடம் கொடுத்தால் நீச்சல் உங்களுக்கு, சைக்கிள் அப்பாவுக்கு. ஓட்டத்துக்கு அம்மாவைக் கேட்டீர்களா?