கதை நியாயம் – 14: படி ஏறுகிறவன் ஒருவன்தானா?

மாயக்கதைகளில் இன்று பெரிய கூட்டம் சேர்ப்பது நிலை ஏறும் கதைகள்தான். நாயகன் ஓர் அரக்கனை வீழ்த்துவான். உடனே கண்ணெதிரே காற்றில் ஒரு பலகை தோன்றி, உன் வலிமை இத்தனை, வேகம் இத்தனை, இப்போது நீ பத்தாம் நிலை என்று எண்களில் சொல்லும். வீடியோ கேமின் கணக்குப் புத்தகத்தை அப்படியே கதைக்குள் கொண்டுவந்த வகை இது. கொரியாவில் சுகோங் என்ற புனைபெயரில் ஒருவர் 2016-இல் எழுதத் தொடங்கிய ‘சோலோ லெவலிங்’ 2018-இல் படக்கதையானது, 2024-இல் அனிமே ஆனது. இப்போது தமிழ்க் குரலிலும் கிடைக்கிறது.

இவற்றை விளையாட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கதைகள் ஏன் இளைஞர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பது ஐயம்பேட்டை மாதிரி ஓர் ஊரில் நின்று யோசித்தால் விளங்கும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கும் நெசவூர் அது. பட்டுத்தறியிலும் நிலைகள் உண்டு. முதலில் தார் சுற்ற வேண்டும். பிறகு உடலையும் கரையையும் தனியே நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலை நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். கோர்வைக்கு மூன்று நாடா ஓடும் என்பதால் ஒரு கை போதாது. அப்புறம்தான் உடல் நெய்ய விடுவார்கள். உடலும் கரையும் விலகாமல் கோர்ப்பது பிடிபட ஆண்டுகள் ஆகும். முந்தானையின் பாவு இழைகளை உடலின் பாவோடு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அதற்கும் மேலே. இதில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் கை தேறுகிற வேகத்தில் கூலி தேறுவதில்லை. அதனால்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒப்பந்தத் தொழிலாளி பல ஆண்டு கழித்தும் ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருக்க நேர்கிறது.

இப்படி உழைப்பு எங்கேயும் பதிவாகாத வாழ்க்கையில் இருக்கிறவனிடம் ஒரு கதை வந்து, நீ செய்தது ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும் என்று சொல்கிறது. இந்த வாக்குறுதிதான் இந்த வகைக் கதையின் உயிர். ஆகவே நியாயமும் சமநிலையும் இதில் ஓரத்து அலங்காரங்கள் அல்ல. கதை தன் வாக்கைக் காப்பாற்றுகிறதா, யாருக்குக் காப்பாற்றுகிறது என்பதே கேள்வி.

நிலைகளை எண்ணாக்கி உலகத்துக்குக் கொடுத்தது 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு. அதில் இரண்டாம் நிலைக்குப் போகப் போர்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி, மந்திரவாதிக்கு 2,500, பூசாரிக்கு 1,500. மந்திரவாதி தொடக்கத்தில் ஓர் அடிக்குத் தாங்க மாட்டான். மேலே போகப் போக யாரும் அவனை நெருங்க முடியாது. எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதைச் சமநிலை என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆளுக்கேற்ப விலையை மாற்றி வைத்தார்கள். அப்படியும் கணக்கு முழுதாகச் சரிவரவில்லை. உயர்ந்த நிலைகளில் மந்திரவாதி போர்வீரனை ஓரங்கட்டிவிடுகிறான் என்ற வழக்கு அந்த விளையாட்டுக்காரர்களிடையே பல பத்தாண்டுகள் நடந்தது. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேருக்கும் ஏற வழி இருந்தது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

‘சோலோ லெவலிங்’ உலகத்தில் அந்த வழி கிடையாது. அரக்கர்களை எதிர்க்கும் வேட்டைக்காரனுக்குச் சக்தி விழிக்கும் அன்று அவன் தரம் அடியிலுள்ள ஈ முதல் உச்சியிலுள்ள எஸ் வரை ஏதோ ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு உழைத்தாலும் அது மாறாது. ஈ தரத்தில் கிடந்த சங் ஜின்வூ ஒருவனுக்கு மட்டும் ஏறும் உரிமை கிடைக்கிறது. ஆரம்பத்தில் அதற்குக் கடுமையான விலை உண்டு. நாள்தோறும் நூறு தண்டால், நூறு பஸ்கி, படுத்தெழும் பயிற்சி நூறு, பத்து கிலோமீட்டர் ஓட்டம். தவறினால் ராட்சதப் பூரான்கள் துரத்தும் பாலைவனத்தில் போய் விழ வேண்டும். அந்தப் பகுதிகளைத்தான் நான் மிகவும் ரசித்தேன். போகப் போக விலை குறைகிறது, வலிமை மட்டும் பெருகுகிறது. மற்ற வேட்டைக்காரர்கள் அவனை அண்ணாந்து பார்ப்பதற்கென்றே நிற்கிறார்கள். கிடைத்த தரத்திலேயே சாகும்வரை இருக்க வேண்டும் என்கிற ஏற்பாட்டை நாம் நன்றாக அறிவோம். அந்த ஏற்பாட்டை உடைக்காமல் ஒருவனை மட்டும் அதிலிருந்து தூக்கிவிடுகிற கதை, எத்தனை விறுவிறுப்பாக இருந்தாலும், பாதி நியாயம்தான் செய்கிறது.

நம் கதைகளில் நிலை ஏறுவதற்குத் தவம் என்று பெயர். பெரும்பாலும் தவம் பலருக்கும் திறந்த வழி; அசுரனும் ஏறலாம். தைப் பொங்கலையொட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் போகும் பழையசீவரத்தில், மலைமேல் லட்சுமி நரசிம்மர் இருக்கிறார். நரசிம்மர் கதை அடிப்படையில் ஒரு விதி நுணுக்கக் கதை. மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது என்று அசுரன் இரணியன் தன் வரத்தை அடைத்துக் கட்டுகிறான். கெட்டவன் என்பதற்காகப் பிரம்மா வரத்தைத் திரும்பப் பெறவில்லை. திருமாலும் அதை மீறவில்லை. அந்தியில், வாசற்படியில், மடியில் வைத்து, நகத்தால் முடிக்கிறார். இரணியன் கேட்ட ஒவ்வொரு சொல்லும் கடைசிவரை காப்பாற்றப்படுகிறது. கதாசிரியனுக்கு வேண்டிய நேரத்தில் விதியை வளைக்கும் இன்றைய மாயக்கதைகள் பல இந்தப் பழைய கதைக்கு முன் நிற்காது.

அர்ஜுனன் கதை இன்னும் ஒரு படி மேல். பாசுபத ஆயுதம் கேட்டுத் தவம் செய்கிறவனுக்கு முன் சிவன் வேடனாக வந்து சண்டை பிடிக்கிறார். அம்பு வற்றாத அவனுடைய தூணி வற்றிப்போகிறது. அவன் வில்லான காண்டீபம் பறிபோகிறது. கடைசியில் வெறுங்கையால் மல்லுக்கு நிற்கிறான். அதுவரை சேர்த்த நிலைகள் அத்தனையும் கழன்று விழுந்த பிறகுதான் பாசுபதம் கைக்கு வருகிறது. வரும்போதே, எளியவர் மேல் இதை எய்தால் உலகமே அழியும் என்ற எச்சரிக்கையும் கூட வருகிறது. பெரிய ஆயுதம், அதற்குச் சமமான பூட்டு.

இந்தக் கதையைக் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கண்ணால் பார்க்கலாம். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் அர்ஜுனன் தபசு நடக்கும் நாளில் திடலில் உயரமான மரம் நட்டு, படி அடித்து, உச்சியில் சிறு மேடை கட்டியிருப்பார்கள். அர்ஜுனன் வேடக்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடி, அதன் பிறகே அடுத்த படிக்குக் காலை வைப்பார். ஒரு படிக்கு ஒரு பாட்டு, விட்டுப் போக முடியாது. வெயிலில் அவர் தொண்டையும் காலும் படும் பாடு கீழே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எண் பலகை தேவையில்லை. உச்சிக்குப் போனதும் விபூதி, வில்வம், எலுமிச்சம்பழம் என்று கீழே வீசுவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். ஒருவன் ஏறியதன் பலன் கீழே நிற்பவர்களுக்கும் வந்து சேர்கிறது. நிலை ஏறும் கதைகளில் நான் தேடுவதும், பெரும்பாலும் கிடைக்காமல் போவதும் இதுதான்.

தவ வழியும் எப்போதும் நேராக இருந்ததில்லை. மாமல்லபுரத்துத் தவப் பாறையில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றி எலிகளையும் செதுக்கிய சிற்பிக்கு அது தெரியும். மகாபாரதத்துக்கும் தெரியும். ஏகலைவன் யார் தயவும் இல்லாமல் உச்சிக்கு ஏறினான். அர்ஜுனனுக்கு இணை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவன் கட்டைவிரல் வாங்கப்பட்டது. சமநிலை என்ற பெயரில் நடக்கும் பச்சை அநீதி அது. ஆனால் பாரதம் அதை ஒளிக்கவில்லை. வெட்டப்பட்ட விரலை நம் முன்னாலேயே வைத்துவிட்டுப் போகிறது. அநியாயமான விதி உள்ள உலகத்தை எழுதுவது குற்றமே இல்லை. அநியாயத்தை நாயகனின் பெருமையாக மாற்றிக் காட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விதியை உடைக்காமலே வழி தேடிய கதைக்கு, விக்கிரமாதித்தனுக்கு வருகிறேன். அரியணையில் ஆயிரம் ஆண்டு என்று அவனுக்கு வரம். தம்பி பட்டியோ காளியிடம் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிடுகிறான். அண்ணன் கணக்கு குறைகிறதே என்றபோது பட்டி சொன்ன வழிதான் காடாறு மாதம், நாடாறு மாதம். அரியணையில் இருக்கும் ஆறு மாதம் மட்டுமே வரத்தில் கழியும் என்பதால் ஆயிரம் இரண்டாயிரமாகிறது. பட்டி விதியில் இருந்த இடைவெளியைக் கண்டுபிடித்தான், விதியை உடைக்கவில்லை. அதற்கு விலையாக விக்கிரமாதித்தன் ஆண்டுக்கு ஆறு மாதம் காட்டில் அலைய வேண்டியிருந்தது. பின்னால் அதே அரியணையில் ஏற வந்த போஜ மன்னனை முப்பத்திரண்டு படிகளிலும் ஒவ்வொரு பதுமை நிறுத்தி, விக்கிரமாதித்தன் செய்ததைச் சொல்லி, நீ அதற்கு ஈடா என்று கேட்கிறது. எத்தனை பேரைக் கொன்றாய் என்று எந்தப் பதுமையும் கேட்கவில்லை. வள்ளன்மையைக் கேட்டது, நீதியைக் கேட்டது. இப்படிப் புள்ளி போடும் ஒரு நிலைக் கதையை யாராவது இன்று எழுத வேண்டும்.

தமிழில் இந்த வகையை எழுதத் தொடங்கியிருக்கும் தம்பிகளிடமும் தங்கைகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் நாயகனை ஒரு நிலை உயர்த்தும் முன், அவன் பக்கத்தில் நிற்கும் பெயரில்லாத வீரனை எடுத்து, இந்த உலகத்தில் இவன் உழைத்தால் ஏற முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் கதைக்குள் எழுதுங்கள்.