சைன் 30 மைனஸில் வருகிறதா? கால்குலேட்டரைத் திட்டாதீர்கள்!

சைன் 30 எவ்வளவு? பள்ளிக் கணக்கைப் பாதி மறந்தவர்கள்கூட ‘அரை’ என்பார்கள். ஆனால், அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் டிஐ-84 பிளஸ் கால்குலேட்டரைப் புதிதாக வாங்கி, அப்படியே தட்டிப் பாருங்கள். மைனஸ் 0.988 என்று காட்டும். மெஷினில் கோளாறு இல்லை. நாம் நினைத்தது 30 டிகிரி. அது எடுத்துக்கொண்டது 30 ரேடியன்.

உங்கள் பிள்ளையோ பேத்தியோ அங்கே ஹைஸ்கூலில் படித்தால் இந்தக் கருவி நிச்சயம் பரிச்சயம். கிராஃப் வரையும் கால்குலேட்டர் 1985-லேயே கடைக்கு வந்துவிட்டது; காசியோவின் தயாரிப்பு அது. இன்றும் மாணவர்களைக் கவிழ்ப்பது கடினமான கணக்கு அல்ல, பெரும்பாலும் இந்த ‘செட்டிங்ஸ்’தான்.

‘மோட்’ பட்டனை அழுத்தினால் டிகிரியா, ரேடியனா என்று மாற்றிக்கொள்ளலாம். முக்கோணக் கணக்குக்கு டிகிரி, கால்குலஸுக்கு ரேடியன். தேர்வுக்கு முன் மெமரியை அழிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அப்படி ரீசெட் செய்தால் மறுபடி ரேடியனுக்கே போய்விடும். ஆகவே, அழித்த கையோடு ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

அதே திரையில் ‘ஃப்ளோட்’ என்று ஒரு வரிசை. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை முடிவு செய்வது இதுதான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று 2 வைத்துவிடுவார்கள். அங்கேதான் வம்பு! மாத வட்டி முக்கால் சதவிகிதம், அதாவது 0.0075. திரையில் 0.01 என்று தெரியும். உள்ளே சரியான எண்தான் இருக்கிறது. ஆனால், திரையைப் பார்த்துத் தாளில் எழுதி, அதை வைத்து மேலே கணக்குப் போட்டால், ஆயிரம் டாலருக்கு ஏழரை டாலர் வட்டி பத்து டாலராகிவிடும். ஃப்ளோட்டிலேயே விடுங்கள், கடைசி விடையை மட்டும் சுருக்கினால் போதும்.

கிராஃப் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குத் தனித் திரை. ‘செகண்ட்’ அழுத்தி ‘ஜூம்’ அழுத்தினால் ‘ஃபார்மட்’ வரும். கட்டம், அச்சு, அச்சின் பெயர் எல்லாம் இங்கே. சின்னத் திரையில் கட்டக் கோடுகள் கண்ணைக் குழப்பும், புள்ளிகள் போதும். அச்சை மட்டும் மறைக்கவே வேண்டாம். பூஜ்ஜியம் எங்கே என்றே தெரியாது.

வட்டம் வரைந்தால் முட்டை மாதிரி நசுங்கித் தெரிகிறதா? திரை அகலம் கூடியது, அதனால்தான். ‘ஜூம்’ பட்டியலில் ஐந்தாவதாக உள்ள ‘இசட்ஸ்கொயர்’ அதை உருண்டையாக்கிவிடும். இன்னொரு ஏமாற்று: ஒன்றை ‘எக்ஸ் மைனஸ் 2’-ஆல் வகுத்து கிராஃப் போட்டால், பழைய மாடல்களில் 2-க்கு அருகே செங்குத்தாக ஒரு கோடு முளைக்கும். அது கிராஃபின் பகுதியே அல்ல. இரு பக்கமும் பிரிந்து கிடக்கும் புள்ளிகளை மெஷின் தானாக இணைத்துப் போட்ட கோடு. ‘மோட்’ திரையில் ‘கனெக்டட்’ என்பதை ‘டாட்’ ஆக்கினால் மறைந்துவிடும்.

கருவி கையில் இல்லையா? போனில் ‘டெஸ்மோஸ்’ ஆப் இலவசம். டிஜிட்டல் எஸ்ஏடி தேர்வுக்குள்ளேயே இருப்பதும் டெஸ்மோஸ்தான். அதுவும் முதலில் ரேடியனில்தான் இருக்கும். ஸ்பேனர் படத்தைத் தொட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.