நாலு டயருக்கும் ஒரே காற்று



ஒரு நாள் நல்ல மழை பேய்ந்தால் போதும். கேரித் தீவு, காப்பார், பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதையெல்லாம் சேறாகிவிடும். குலை ஏற்றப் போன வண்டி நடுவழியில் புதைந்து நிற்கும். ஆளெல்லாம் இறங்கித் தள்ளினாலும் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. இதற்கு மருந்து என்ஜினில் இல்லை. டயருக்குள்ளே இருக்கும் காற்றில் இருக்கிறது.

நம் அப்பனும் பாட்டனும் விடியலில் வெட்டிய பால்தான் டயராகி உலகத்தையே ஓட்டியது. அந்த டயரின் சூட்சுமம் நமக்குத் தெரிய வேண்டாமா?

தார்ச் சடக்கில் ஓடும் பிக்கப் வண்டிக்குச் சாதாரணமாக 30 முதல் 35 பவுண்டு காற்று இருக்கும். பாரமில்லாத வண்டியைச் சேற்றில் இறக்குமுன் 20 பவுண்டு அளவுக்குக் குறைத்தால் டயர் அகன்று பதியும், பிடிப்பு கிடைக்கும். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

"இது தெரிந்த சங்கதிதானே" என்பீர்கள். சரி, இறக்கிய காற்றைச் சடக்கு ஏறுமுன் திரும்ப அடிக்கிறோமா? ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து அடிக்க யாருக்குப் பொறுமை? அப்படியே வேகமாக ஓட்டுகிறோம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, கடைசியில் வெடிக்கிறது. உள்ளே இருப்பது நம் ஆட்கள்.

1945 செப்டம்பர் 9-ஆம் தேதி நம் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் இறங்கியபோது ஏராளமான வண்டிகள் மணலிலும் சேற்றிலும் புதைந்துபோயின. அதே போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் 'டக்' என்ற, தண்ணீரிலும் தரையிலும் ஓடும் லோரியைக் கட்டினார்கள். அதன் ஓட்டுநர் இறங்காமலே ஆறு டயருக்கும் காற்றை ஏற்றலாம், இறக்கலாம்.

அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டாம். பட்டறை வேலை தெரிந்த தம்பி ஒருவன் இருந்தால் போதும். 150 பவுண்டு தாங்கும் காற்று ஹோஸ், பித்தளை 'டி' இணைப்புகள், ஒரு மீட்டர், ஒரு குழாய்த் திருகு, வால்வைக் கவ்விப் பிடிக்கும் நாலு முனைகள், 12 வோல்ட் கம்ப்ரசர். நாலு சக்கரத்துக்கும் நாலு ஹோஸ் போய், நடுவில் ஒன்றாகச் சேர வேண்டும். திருகைத் திறந்தால் நாலும் சேர்ந்து இறங்கும். கம்ப்ரசரை மாட்டினால் நாலும் சேர்ந்து ஏறும். காற்று ஒன்றோடொன்று கலப்பதால் நாலும் தானே சமமாகிவிடும்.

சில எச்சரிக்கைகள். முனை, காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வகையாக இருக்கக் கூடாது, இருந்தால் சமமாகாது. கம்ப்ரசரை நிறுத்திவிட்டுத்தான் மீட்டரைப் பாருங்கள். ஓடும்போது கூடுதலாகக் காட்டும். மின்கம்பியை ஃபியூஸ் போட்டு பேட்டரியில் மாட்டுங்கள். வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பிளாஸ்டிக் பைப் வேண்டவே வேண்டாம். காற்றழுத்தத்தில் சில்லு சில்லாகச் சிதறி ஆளைக் காயப்படுத்தும். குலை ஏற்றிய வண்டிக்குப் பின் டயரில் கூடுதல் காற்று வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, முன் ஹோஸ்களைக் கழற்றிவிட்டுப் பின்னுக்கு அடியுங்கள். பெரிய லோரியின் துண்டு ரிம் சக்கரத்தில் இதைத் தொடாதீர்கள். வளையம் தெறித்தால் உயிர் போகும். அது இரும்புக் கூண்டு வைத்திருக்கும் பட்டறையின் வேலை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வண்டிக்கு இந்தச் செலவு உங்கள் சம்பளத்தில் வரக் கூடாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயந்திரங்களை ஆபத்தில்லாமல் வைத்திருப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் அதைச் சரிசெய்யாவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் 2024 ஜூன் 1 முதல் நமக்கு உண்டு. கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். நம் வண்டிக்கு அச்சாணி காற்றுதான். நாளைக்குக் காலையில் வண்டி ஏறுமுன் டயரை ஒரு பார்வை பாருங்கள், தோழர்களே!