10 பேர் போனார்கள். 2 பேர் திரும்பினார்கள்!

1942-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. இரவு நேரம். நடுங்க வைக்கும் குளிர்.

பிரான்சு நாட்டுக் கடற்கரை அருகே "டியூனா" என்ற இங்கிலாந்து நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்தது. அதிலிருந்து 5 சிறு படகுகள் இறங்கின. படகுக்கு 2 பேர். மொத்தம் 10 வீரர்கள்.

அவர்களில் ஒருவர் பில் ஸ்பார்க்ஸ். வயது 20. செருப்பு தைக்கும் தொழில் பழகியவர். அவருடைய சகோதரர் போரில் கப்பலோடு மாண்டார். அந்தத் துயரம்தான் இவரை இந்த ஆபத்தான வேலைக்கு இழுத்தது.

என்ன வேலை?

அப்பொழுது பிரான்சு, ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஜப்பான் பிடித்த நாடுகளில் இருந்து ரப்பர் முதலிய சரக்குகள் போர்டோ துறைமுகத்துக்கு வந்தன. அந்தக் கப்பல்களைத் தகர்க்க வேண்டும். விமானத்தில் இருந்து குண்டு போட்டால் ஊர் மக்கள் சாவார்கள். ஆகவே படகில் போனார்கள்.

துறைமுகம் ஆற்றுக்குள் சுமார் 60 மைல் தூரம். இரவில் துடுப்புப் போட்டார்கள். பகலில் கரையோரம் பதுங்கினார்கள்.

முதல் இரவிலேயே 3 படகுகள் பிரிந்துவிட்டன. இரண்டே படகுகள் போர்டோ போய்ச் சேர்ந்தன.

காவல்காரன் விளக்கு!

டிசம்பர் 11-ந் தேதி இரவு. ஸ்பார்க்சும் தலைவர் மேஜர் ஹாஸ்லரும் கப்பல்களின் அடியில் காந்தக் குண்டுகளை ஒட்டினார்கள். திடீரென்று மேலே இருந்து விளக்கு வெளிச்சம்! ஒரு காவல்காரன் எட்டிப் பார்த்தான். இருவரும் தலை கவிழ்ந்து சிலை போல் இருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் புலப்படவில்லை.

மறுநாள் குண்டுகள் வெடித்தன. பல கப்பல்கள் சேதம் அடைந்தன.

துண்டுச் சீட்டு

இருவரும் சுமார் 100 மைல் நடந்தே ருஃபெக் என்ற ஊரை அடைந்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் சூப் குடித்தார்கள். பணத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். "நாங்கள் இங்கிலாந்து வீரர்கள். உதவி வேண்டும்" என்பதே அதன் கருத்து. காட்டிக் கொடுத்திருந்தால் பரிசு. காப்பாற்றினால் உயிருக்கு ஆபத்து. கடைக்காரர்கள் காப்பாற்றினார்கள்! இருவரும் ஸ்பெயின் வழியாக 1943-ல் தப்பினார்கள்.

மற்ற 8 பேர்? இருவரைக் கடல் கொண்டது. பிடிபட்ட 6 பேரையும் ஜெர்மானியர் சுட்டுக் கொன்றனர். சீருடையில் பிடிபட்ட வீரர்களைக் கொல்வது போர் நெறிக்கே விரோதம்.

ஸ்பார்க்சுக்குப் பதக்கம் கிடைத்தது. போருக்குப் பின் லண்டனில் பஸ் ஓட்டினார். முதுமையில் பணமுடை வந்தது. 1988-ல் பதக்கங்களை 31,000 பவுனுக்கு விற்றார். 2002-ல், 80-வது வயதில் காலமானார்.

பதக்கம் கை மாறிவிட்டது. ஆனால் அந்தப் பத்துப் பேரின் வீரத்தை யாரால் விலைக்கு வாங்க முடியும்?