நாற்காலிக்கு ஏன் ஐந்து கால்?

நான்கு கால்கள் உடையது நாற்காலி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஆனால் செங்கற்பட்டை அடுத்த பரனூர்ப் பக்கம் 2002-இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா உலக நகரத்திலோ, பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி மென்பொருள் பூங்காவிலோ ஓர் அலுவலகத்தைப் பாருங்கள். அங்குள்ள சுழல் நாற்காலிகளுக்கு ஐந்து கால்கள்! இது அழகுக்காகவா? இல்லை. வேலை மாறியது, அமரும் விதம் மாறியது, ஆகவே நாற்காலி செய்பவரும் மாற வேண்டியதாயிற்று. இதில் உங்கள் பாடநூல் இயற்பியலுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று பார்ப்போமா?

பூட்டும் பீரோவும்

1897-இல் பம்பாயில் பூட்டுச் செய்யத் தொடங்கிய நிறுவனம் கோத்ரெஜ். 1923-இல் எஃகு அலமாரி செய்தது. நம் ஊர்ச் சீர்வரிசையில் எந்த எஃகு அலமாரியும் 'கோத்ரெஜ் பீரோ' ஆகிவிட்டது! 1951-52 பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகள் செய்தது. 1955-இல் தட்டச்சுப் பொறியும் வந்தது. கணிப்பொறி பரவியதும் தட்டச்சுப் பொறிக்கு வேலை இல்லாமற் போயிற்று. அந்த உற்பத்தியும் நின்றது. ஆனால் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைக்கும் திறமை வீணாகவில்லை. அதுவே அலுவலக மேசையும் நாற்காலியும் செய்யக் கைகொடுத்தது.

மெல்லிய தகடு எப்படிப் பாரம் தாங்குகிறது? ஒரு தாளை இரு புத்தகங்களுக்கிடையே பாலமாக வையுங்கள், தொய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து வையுங்கள்; பேனாவையே தாங்கும். பொருள் அதேதான், வடிவம் தந்த வலிமை இது. பீரோவின் விளிம்புகளை மடிப்பதும் இதற்காகவே.

ஐந்தாவது கால்

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு, கால் நுனிகளை இணைக்கும் கோடுகளுக்கு உள்ளே விழும்வரை அது கவிழாது. சுழல் நாற்காலியில் இருப்பவர் எந்தத் திசையிலும் சாயலாம். இரு கால்களுக்கு நடுவிலும் சாயலாம். அங்குதான் ஆபத்து.

மையத்திலிருந்து கால் நுனி 30 செ.மீ. என்று கொள்வோம். நான்கு கால்கள் இருந்தால், நுனிகளை இணைக்கும் கோடு மையத்திலிருந்து சுமார் 21 செ.மீ. தூரத்தில் இருக்கும். ஐந்து கால்கள் இருந்தால் 24 செ.மீ.! ஆறு கால்கள் வைத்தால் 26 செ.மீ. கிடைக்கும், ஆனால் செலவு கூடும், அமர்பவரின் காலும் இடறும். ஆகவே ஐந்தோடு நிறுத்திக்கொண்டனர்.

அழுத்தம் தூக்கும் இருக்கை

நாள்தோறும் எட்டு மணி நேரம் திரையைப் பார்த்து வேலை செய்பவருக்கு, இருக்கையின் உயரம் பொருந்தாவிட்டால் முதுகும் கழுத்தும் நோகும். ஒரே நாற்காலி குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் பொருந்த வேண்டும். இருக்கையின் கீழுள்ள உருளையில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. அதன் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 40 கிலோ என்றும், தண்டின் விட்டம் 1 செ.மீ. என்றும் கொள்வோம். தண்டின் குறுக்குப் பரப்பு 0.785 சதுர செ.மீ. ஆகவே தூக்கும் விசை சுமார் 31 கிலோ எடைக்குச் சமம். நெம்புகோலை இழுத்தால் அடைப்பிதழ் திறக்கும். இருக்கை காலியாக இருந்தால் மேலே எழும்; 50 கிலோ எடையுள்ளவர் அமர்ந்திருந்தால் கீழே இறங்கும். நெம்புகோலை விட்டதும் அடைப்பிதழ் மூடி, இருக்கை அங்கேயே நிற்கும்.

வீடே அலுவலகம்

2020-இல் கொரோனாத் தொற்றால் அலுவலகங்கள் மூடப்பட்டன. வீட்டு மூலையே அலுவலகமாயிற்று. மேசை செய்வோர் இனி மாடிப்படி ஏறக்கூடிய மேசையைச் செய்ய வேண்டும்! 150 செ.மீ. நீளமும், 75 செ.மீ. அகலமும், 75 செ.மீ. உயரமும் கொண்ட மேசையைக் கழற்றி 10 செ.மீ. தடிமனுள்ள பெட்டியில் அடக்கினால், ஒரு மேசைக்கான இடத்தில் ஏழு மேசைகள் போகும். லாரி வாடகை மிச்சம்.

மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளுக்கு விற்பவருக்கு வேறொரு பகைவன் உண்டு: உப்புக் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். இதைத் தடுக்க, மின்னூட்டம் பெற்ற வண்ணத்தூளை எஃகின்மேல் தூவுகிறார்கள். புவியுடன் இணைக்கப்பட்ட எஃகு அத்தூளை ஈர்த்துக்கொள்கிறது. பிறகு சூளையில் சூடாக்கினால் தூள் உருகிச் சீரான மேலுறையாகிறது. ஆயினும் ஒரு கீறல் போதும், துரு அங்கே தொடங்கிவிடும்.

பெரிய ஆலைகள் இவற்றையெல்லாம் செய்துவிடும். நம் ஊர்த் தச்சருக்கும் வெல்டிங் பட்டறைக்காரருக்கும் பிழைப்பு என்ன ஆவது? அவர்களிடம் ஆலைக்கு இல்லாத ஒன்று உண்டு: அமரப்போகிறவரை நேரில் பார்த்து அளவெடுக்கும் வாய்ப்பு.

நீங்களே இதைச் சோதிக்கலாம். உங்கள் வகுப்பு பெஞ்சின் உயரத்தையும், பாதத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரை உங்கள் கால் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தம்பிக்கும் அளந்து, அட்டவணையாக எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அடுத்த முறை பெஞ்சு செய்ய வரும் தச்சருக்கு அது பயன்படும்.